மங்கை காலையில் சொன்னது

என் மனைவி மங்கை காலையில் பேசுவது எனக்குச் சாயங்காலம்தான் கேட்கும். நான் பேசுவதும் அவளுக்கு அப்படித்தான். கல்யாணமான புதிதில் சொன்னவுடனே கேட்டது. யோகோஹாமாவுக்குக் குடிவந்த பிறகு காபி ஆறுகிற நேரம் ஆனது. அப்புறம் மெல்ல மெல்ல அரைநாளாகிவிட்டது. தொலைபேசியிலும் அதே தாமதம்தான். மற்றவர்களுக்கு நாங்கள் பேசுவது உடனே கேட்கும்.

இதில் பெரிய சிரமம் இல்லை. ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்பதைப் பல் தேய்க்கும்போதே சொல்லிவிடுவேன். சண்டை போட்டால், அது போய்ச் சேர்வதற்குள் போட்டவருக்குக் கோபம் தணிந்துவிடும். அதனால் சண்டையை விட்டுவிட்டோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மங்கை பெரிய பெட்டியுடன் வாசலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. பிறகு போய்விட்டாள்.

பெட்டி ரொம்பப் பெரியது. என்னை விட்டே போகிறாளோ என்று வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு ஹயாஷி அம்மாள் வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மங்கை என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டேன்.

"உங்கள் மொழி எனக்குப் புரியாதே," என்றார். "ஆனால் கதவை மெதுவாகத்தான் சாத்தினார்."

ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று டிவி போடவில்லை. மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, பால்கனிப் பக்கம்கூட எட்டிப் பார்க்காமல், பசியோடு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் மங்கும்போது வாசலில் அவள் குரல் கேட்டது. ஓடிப்போய், அவள் நின்ற இடத்துக்கு எதிரே நின்றேன்.

"நகோயாவுல அக்கா வீடு மாறுறாங்க, ஒத்தாசைக்குப் போறேன். பெட்டி நிறைய அவங்க கேட்ட சாமான்தான். குழம்பு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. வியாழக்கிழமை மத்தியானம் வந்துடுவேன். ஸ்டேஷனுக்கு வர்றீங்களா? வந்தா நல்லாருக்கும்."

அவளுக்குப் போன் போட்டு, "வர்றேன்," என்றேன். விடியும்போது அவளுக்குக் கேட்டிருக்கும். குழம்பைச் சூடுபண்ணி, சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை புல்லட் ரயிலிலிருந்து மங்கை இறங்கினாள். அவளுக்குப் பின்னால் எங்கள் வீட்டு பால்கனியும் இறங்கியது. அவள் ஏதோ சொன்னாள். பிளாட்பாரம் முடிவதற்குள்ளேயே எனக்குக் கேட்டுவிட்டது.

"அக்காவுக்குத் துணி காயப்போட இடமில்லைன்னு இதையும் கூட்டிட்டுப் போனேன். தேடினீங்களா?"

"எனக்கு உன்னைத்தான் தேடுச்சு," என்றேன்.

படி இறங்கும்போது அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பால்கனி களைத்திருந்தது. கூட்டத்தில் தவறிவிடாமல் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.