நான்காம் நம்பர் வண்டியின் மஞ்சள் விளக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. மேசைமேல் புகார்ப் பதிவேடு விரிந்திருந்தது. அந்த வாரத்துப் பக்கத்தில் இருந்த நான்கு வரிகளும் அவள் கையெழுத்து. மூன்று வரிகள் ஒரே மாதிரி: ‘வண்டி எண் 4. டயர் காற்று எச்சரிக்கை விளக்கு எரிகிறது.’ செவ்வாய்க்கிழமை எழுதிய இரண்டாவது வரி மட்டும் கொஞ்சம் நீளம்: ‘பின் இடது டயர், திரையில் 36, கை கேஜில் 27.’

“ஒரு வாரத்துல ஒரே வண்டிக்கு நாலு புகார். இது பதிவேடா, உன் டைரியாம்மா?”

“விளக்கு எரிஞ்சா எழுதணும்னு நீங்கதான் சார் சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்க.”

“மேஸ்திரி பார்த்தாச்சு. கம்ப்யூட்டரை மாட்டியும் பார்த்தாச்சு. ஒண்ணுமில்லன்னு கையெழுத்தும் போட்டாச்சு. அவர் என்ன மூணாம் மனுஷனா? உன் கூடப்பிறந்த அண்ணன்.” மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். “நீ பயப்படுற. பயப்படறது தப்பில்ல. பயப்படறவங்க ஸ்டியரிங்கைப் பிடிக்கறதுதான் தப்பு. திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி டெலிபோன் ரூமுக்குப் போயிடு. நாலாம் நம்பருக்கு வேற ஆள் போட்டுக்கறேன்.”

டெலிபோன் அறை அவளுக்குப் புதிதல்ல. ஆறு வருஷம் அங்கே இருந்தாள். டயாலிசிஸ் மையத்துக்குப் போக வேண்டிய நோயாளிகள் கூப்பிடுவார்கள். முகவரி, நேரம், சக்கர நாற்காலி உண்டா இல்லையா என்று குறித்து ஓட்டுநர்களிடம் கொடுப்பாள். ஜன்னல் இல்லாத அறை. அங்கே இருந்துகொண்டேதான் விடியற்காலைகளில் ஓட்டப் பழகினாள், உரிமம் வாங்கினாள். மூன்று தடவை விண்ணப்பித்து இரண்டு தடவை ‘பார்க்கலாம்’ என்ற பதில் வாங்கினாள். நான்காம் நம்பர் வேன் அவள் கைக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் சிபாரிசு செய்ததால்தான் கிடைத்தது என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அண்ணனே சொல்லிவிடுவார்.

“இருபது நிமிஷம் குடுங்க சார்.”

“எதுக்கு?”

“கோளாறு வண்டியிலயா என்கிட்டயான்னு பார்த்துடலாம். என்கிட்டன்னா நானே போய் ஹெட்போனை மாட்டிக்கறேன். நீங்க ஆர்டர்கூட போட வேணாம்.”

மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து அவள் பின்னால் வந்தார்.

ஷெட்டில் ஏழு வேன்கள் நிற்கும். எல்லாம் ஒரே மாதிரி, ஒரே வருஷத்து வண்டிகள். நான்காம் நம்பரும் ஏழாம் நம்பரும் வாசலை ஒட்டி அடுத்தடுத்து நிற்கும். ஒரு கதவைத் திறந்தால் அடுத்த வண்டியை இடிக்கும், அவ்வளவு நெருக்கம். ஏழாம் நம்பரை ஓட்டுபவர் மேற்பார்வையாளரின் மனைவியோடு பிறந்தவர். மேற்பார்வையாளருக்குத்தான் மச்சான், ஆனால் ஷெட்டே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவரும் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு வண்டிகளுக்கும் பிரேக் வேலை நடந்தது. மையத்துக்கு வார விடுமுறை அந்த ஒரு நாள்தான். எட்டு சக்கரங்களையும் கழற்றி, பிரேக் கட்டைகளை மாற்றி, சக்கரங்களைத் திரும்ப மாட்டி, இருட்டுவதற்குள் மேஸ்திரி முடித்துவிட்டார். மறுநாள் காலையிலேயே நான்காம் நம்பரில் விளக்கு வந்தது. பிளந்த டயர் மாதிரி ஒரு படம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. முதலில் ஒரு நிமிஷம் சிமிட்டும், பிறகு நிலையாக எரியும். டயரின் நான்கு எண்களும் அழிந்து வெறும் கோடுகளாகிவிடும். சாயங்காலம் வண்டி ஷெட்டுக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றால் கோடுகள் மறைந்து எண்கள் வந்துவிடும். மேஸ்திரி பார்க்கும்போது விளக்கு அணைந்திருக்கும்.

“உன்னப் பார்த்தா எரியுது, என்னப் பார்த்தா அணையுது. விளக்குக்குக்கூட மரியாதை தெரியுது,” என்று திங்கட்கிழமை சிரித்தார் அண்ணன்.

செவ்வாய்க்கிழமை அவள் பின் இடது டயரில் காற்றழுத்தம் அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தாள். திரையில் முப்பத்தாறு, கேஜில் இருபத்தேழு. அண்ணனிடம் காட்டினாள்.

“உன் கேஜு ஓட்டை. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

“டயர் பொய் சொல்லுமாண்ணே?”

“எனக்கே பாடம் எடுக்கறியா?” அண்ணனுக்கு முகம் சிவந்தது. “இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே நான். ஆளாளுக்கு என்னக் கேக்கறாங்க, உன் தங்கச்சி ஏன் தினம் தினம் உன் மேல புகார் எழுதறான்னு. நீ தங்கச்சியா, எதிரியா?”

“வண்டி மேலதான் எழுதறேன்.”

அந்த டயருக்கு அவளே காற்று பிடித்தாள். புதன்கிழமை காலையில் அது மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி பிடித்தாள். திரை எப்போதும் போல முப்பத்தாறு என்றது.

புதன்கிழமை இன்னொன்றும் நடந்தது. அன்று பகல் முழுவதும் விளக்கு வரவே இல்லை. பாலத்தில் வேலை நடந்ததால் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருந்தார்கள். நான்காம் நம்பரும் ஏழாம் நம்பரும் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றுவழியில் போய், மையத்தின் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றாகவே திரும்பின. அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வியாழக்கிழமை பாலம் திறந்தது. ஏழாம் நம்பர் இடதுபக்கம் திரும்பியது, அவள் நேராகப் போனாள். பதினைந்து நிமிஷத்தில் விளக்கு வந்துவிட்டது. அன்று ராத்திரி கணவன் சாப்பிடக் கூப்பிட்டும் அவள் மேசையில் இரண்டு தீப்பெட்டிகளை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, வீட்லயும் பார்க்கிங்கா?” என்றான் அவன்.

இப்போது ஷெட்டில் அவள் நான்காம் நம்பரின் சாவியைத் திருப்பித் திரையை எழுப்பினாள். நான்கு டயருக்கும் முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. விளக்கு இல்லை.

“பார்த்தியா?” என்றார் மேற்பார்வையாளர்.

“அண்ணே, நீ உள்ள உக்காந்து இந்த எண்ணையே பாரு. வேற எங்கயும் பார்க்காத.”

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே முனகியபடி ஏறி உட்கார்ந்தார். அவள் தன் வண்டியைத் தொடவில்லை. ஏழாம் நம்பரின் பின் இடது சக்கரத்தின் அருகே குந்தி, வால்வு மூடியைத் திருகி எடுத்தாள். ஒரு குச்சியால் வால்வின் நடுவை அழுத்தினாள். காற்று சீறியது.

“ஏய், ஏய், என் வண்டில என்ன பண்ற?” மச்சான் தேநீர் டம்ளரோடு ஓடிவந்தார். “மாமா, பாருங்க மாமா! இவ வண்டி கெட்டுச்சுன்னு என் வண்டியையும் கெடுக்கறா!”

“எடும்மா கைய!” என்றார் மேற்பார்வையாளர்.

அவள் எடுக்கவில்லை. “அண்ணே, எவ்வளவு?”

அவள் குச்சியை இன்னும் அழுத்தினாள்.

“அண்ணே!”

“முப்பத்திமூணு,” என்றார் மேஸ்திரி. குரலில் இருந்த சுருதி இறங்கிவிட்டது. “முப்பது... இருபத்தெட்டு.” நான்காம் நம்பர் வண்டி கீச்சென்று ஒலி எழுப்பியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவள் குச்சியை எடுத்தாள். சீறல் நின்றது. மச்சான் தன் டயரையும் அவள் வண்டியின் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது என் டயர் காத்துதானே? உன் வண்டில எப்படிக் காட்டுது?”

“எட்டு சக்கரத்தையும் கழட்டி ஒரே சுவத்துல சாய்ச்சிருக்காங்க. மாட்டும்போது என் வண்டிச் சக்கரம் நாலும் உங்க வண்டிக்கு வந்துடுச்சு, உங்களோடது எனக்கு. ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும் ஒரு சென்சார், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். என் வண்டி அதோட பழைய நாலு நம்பரைத்தான் கேக்கும். நீங்க பக்கத்துல இருந்தா கேக்குது. தள்ளிப் போனா காது அடைச்சுக்குது.”

“அப்படின்னா என் வண்டிலயும் விளக்கு வரணுமே. வரலியே?”

அவள் ஏழாம் நம்பரின் கதவைத் திறந்து உள்ளே எட்டினாள். மீட்டர் பலகையில், அந்த விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், நகத்தளவு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதை உரித்து விரல் நுனியில் நீட்டினாள்.

“பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடும்னு நெனச்சீங்களா மச்சான்?”

“கண்ணுல குத்துச்சு, அதான்...” என்று மச்சான் தேநீரைக் குடிக்கத் தொடங்கினார்.

மேஸ்திரி இறங்கி வந்து இரண்டு வண்டிகளின் சக்கரங்களையும் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றும்போது அதன் உள்பக்கத்தில் சாக்பீஸால் குறி போடுவது அவர் பழக்கம்: மு.இ., மு.வ., பி.இ., பி.வ. எந்த மூலையிலிருந்து வந்தது என்று அது சொல்லும். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்லாது. இருபத்திரண்டு வருஷத்தில் அதற்குத் தேவை வந்ததில்லை, ஏனென்றால் ஒரு வண்டியை மாட்டி முடிக்காமல் அவர் இன்னொரு வண்டியைக் கழற்றியதே இல்லை, போன ஞாயிறு வரைக்கும்.

நான்காம் நம்பரின் பின் இடது டயரை ஜாக்கி வைத்துத் தூக்கி மெதுவாகச் சுழற்றினார். வெளிவிளிம்பை ஒட்டி, பட்டைகளுக்கு நடுவே, ஓர் ஆணியின் தலை பளபளத்தது. அவர் அதைக் கட்டைவிரலால் தடவினார். நான்கு நாளாகச் சக்கர நாற்காலிகளோடு அந்த வண்டி ஓடியிருக்கிறது. காற்று இறங்குவதைச் சொல்ல வேண்டிய சென்சாரின் பேச்சைக் கேட்கும் வண்டி வேறு தெருவில் இருந்திருக்கிறது.

அவர் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, ஏழாம் நம்பர் டயருக்கும் சேர்த்துக் காற்று பிடித்தார். பிறகு கருவியை எடுத்து வந்தார். “சக்கரத்தை மாத்த வேணாம். புது நம்பரை ரெண்டு வண்டிக்கும் சொல்லிக் குடுத்துட்டாப் போதும். பத்து நிமிஷ வேலை.” தங்கையின் முகத்தைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தினார். “முடிச்சுட்டு அப்படியே போயிடலாம். எழுத வேணாம்மா.”

“அதான் சரி,” என்றார் மேற்பார்வையாளர். “விளக்கு சரி செய்யப்பட்டதுன்னு ஒரு வரி போடு. போதும்.”

“எப்படிச் சரியாச்சுன்னு போடணுமே சார்.”

“என்னைக் காட்டிக் குடுக்கறியா?” என்றார் அண்ணன்.

அவள் அறைக்குள் போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தாள். நான்காம் நம்பரின் முன்பக்கத்தில் வைத்து எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள்: “ஞாயிறன்று வண்டி 4, வண்டி 7 இரண்டின் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன. வண்டி 4-இன் பின் இடது டயரில் ஆணி. நான்கு நாளாக எச்சரிக்கை வேலை செய்யவில்லை. வண்டி 7-இல் விளக்கு டேப்பால் மறைக்கப்பட்டிருந்தது. ஒரு நாளில் ஒரு வண்டிக்குத்தான் வேலை செய்ய முடியும் என்று மேஸ்திரி சொல்லியும், இரண்டையும் அன்றே முடிக்கச் சொன்னவர் மேற்பார்வையாளர்.”

“கடைசி வரிய அடி,” என்றார் மேற்பார்வையாளர்.

“அது பொய்யா சார்?”

“அடின்னு சொன்னேன்.”

“அத அடிச்சா எல்லாத்தையும் அடிக்கணும். தப்பு அண்ணன் கையிலதான் நடந்துச்சு. ஆனா அவருக்கு ரெண்டு கைதான் இருக்கு.”

மேஸ்திரி கருவியைக் கீழே வைத்தார். தங்கையை இப்போதுதான் நேராகப் பார்த்தார். அன்றைக்கு அவர் அப்படிச் சொன்னதும், ‘முடியலன்னா முடிக்கிற ஆளக் கூட்டிட்டு வரேன்’ என்று மேற்பார்வையாளர் பதில் சொன்னதும் ஷெட் வாசலில் நடந்தன. அவளும் அங்கே நின்றிருந்தாள். அவர் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கிரீஸ் படிந்த விரல் காகிதத்தில் ஒட்டியது. ஒட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

“நீங்களுமாய்யா?” என்றார் மேற்பார்வையாளர்.

“நடந்ததுதானே சார்,” என்றார் மேஸ்திரி, குனிந்து கருவியை முதல் சக்கரத்தின் வால்வருகே பிடித்தபடி.

ஏழு ஐம்பதுக்கு நான்காம் நம்பர் புறப்படத் தயாரானது. திரையில் நான்கு எண்கள், இந்தத் தடவை அதன் சொந்த டயர்களுடையவை. டெலிபோன் அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, முதல் நோயாளி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார் என்று கத்தினாள்.

மேற்பார்வையாளர் ஓட்டுநர் ஜன்னலருகே வந்தார். “நான் சொன்னது சொன்னதுதான். திங்கக்கிழமை நீ டெலிபோன் ரூம். இந்தத் திமிருக்கு இங்க இடமில்ல.”

“சரி சார். ஆர்டரை எழுத்துல குடுங்க.” பதிவேடு இன்னும் அவள் மடியில் இருந்தது. புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு ஜன்னல் வழியாக நீட்டினாள். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதையும் நிரப்பிடுங்க. நான் காத்திருக்கேன்.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் பேனாவைத் திறந்தார். மச்சான் ஏழாம் நம்பரிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். மேஸ்திரி துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். பேனா முனை கட்டத்துக்கு மேலே நின்றது, ஒரு புள்ளி வைத்தது, அதற்குமேல் போகவில்லை.

“எழுதலையா சார்?”

அவர் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அப்ப திங்கக்கிழமை ஆறரைக்கு வரேன். இதே வண்டிக்கு,” என்று சொல்லி அவள் கியரைப் போட்டாள்.