மூச்சை இழுத்துப் பிடிங்க
விடுதி அறையின் குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்தது. ஈரக் கை ஒன்று வெளியே நீண்டது. "டவல் வேணும்" என்றது குரல். யாரிடம் என்று இல்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அவள் அம்மா காபி சொல்லக் கீழே போயிருந்தாள். கொடுத்தேன். கதவு மூடிக்கொண்டது.

கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியோடு ஒன்பது வயது மகளும் எனக்கு வந்திருந்தாள். இந்த எட்டு மாதத்தில் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. 'நீங்க' என்றுதான் பேசுவாள். ஆனால் பேச்சை நடுவிலிருந்து ஆரம்பிப்பாள். நான் முதுகைக் காட்டி நின்றால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, நான் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு சொல்வாள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவள் தோழி, "யாருடி அது?" என்று என்னைக் காட்டிக் கேட்டபோது, "எக்ஸ்ரே எடுக்கிறவங்க" என்றாள். என் வேலைதான் எனக்கு உறவுமுறை. அப்பா என்று கூப்பிட வேண்டும் என்றெல்லாம் நான் ஆசைப்படவில்லை. அப்பா அவளுக்கு இருந்தார்; இப்போது கூடத்துப் போட்டோவில் இருக்கிறார். மாமா, சார், ஏன், டேய் என்றாலும் ஓடிவரும் நிலைக்கு நான் வந்திருந்தேன்.

"தானா வரும். அவ வாயையே பார்த்துட்டு இருக்காதீங்க" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் மகளின் வாயைத்தான் பார்ப்பாள்.

இந்தக் கடற்கரை நகரத்துக்கு நாலு நாள் விடுமுறை போட்டுக்கொண்டு வந்ததே அதற்காகத்தான். கடலில் டால்பின், காட்டில் சஃபாரி என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. முதல் நாள் படகில் மூன்று மணி நேரம் சுற்றினோம். டால்பின் தலைகாட்டவில்லை. எனக்குத்தான் குடல் வாய்க்கு வந்தது. படகு விளிம்பைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். பார்க்க வந்த பிராணி நானே என்றாகிவிட்டது. "அம்மா, இவங்களுக்கு எலுமிச்சம்பழம் குடு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை என்றாலும் எனக்காகச் சொன்னாளே என்று அந்த நிலையிலும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் காட்டுக்குப் போனோம். கூரையில்லாத ஜீப். நாங்கள் மூன்று பேரும் டிரைவரும்தான். அம்மாவை நடுவில் உட்கார வைத்துவிட்டு அவள் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மணி நேரம் மான், மறுபடியும் மான். மானுக்கே எங்களைப் பார்த்து அலுத்துப்போயிருக்கும். திரும்பும் வழியில் ஒரு வளைவில் ஜீப் நின்றது. பாதையை அடைத்துக்கொண்டு யானை. அதன் காலடியில் குட்டி.

"சத்தம் போடாதீங்க" என்று டிரைவர் முணுமுணுத்து இன்ஜினை அணைத்தார். யானை காதை விரித்தது. எங்களை நோக்கி இரண்டு எட்டு வைத்தது. பெண்ணைப் பார்த்தேன். இருக்கையை விட்டு எழுந்துகொண்டிருந்தாள். வாய் திறந்துவிட்டது. அலறப் போகிறாள் என்று தெரிந்தது.

என்ன செய்வது என்று யோசித்துச் செய்யவில்லை. பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் மந்திரியிடமும் மூட்டை தூக்குகிறவரிடமும் சொல்லும் அதே வசனம், அதே தாழ்ந்த குரலில் வந்தது.

"மூச்சை நல்லா இழுங்க. இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

இழுத்தாள். உட்கார்ந்தாள். மனைவியும் இழுத்துப் பிடித்தாள். டிரைவரின் தோள்கூட உயர்ந்து நின்றது. யானை அங்கேயே நின்று எங்களைப் பார்த்தது. பிறகு குட்டியைத் துதிக்கையால் தள்ளிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. எல்லாம் அரை நிமிஷம்கூட இருக்காது.

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சார் எந்தக் காட்டுல வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். மனைவிக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தன. அவளைத் தாண்டிப் பார்த்தேன். பெண் இன்னும் கன்னம் உப்பி, முகம் சிவந்து, விழி பிதுங்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'விடலாம்' என்று சொல்ல மறந்திருக்கிறேன். பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

தாங்க முடியாமல் அவளே விட்டுவிட்டாள். "எக்ஸ்ரே! விடலாம்னு சொல்லவே இல்ல!" என்று கத்தினாள்.

"ஏய், பெரியவங்களை அப்படியா..." என்று ஆரம்பித்த மனைவியின் கையை அழுத்திப் பிடித்தேன்.

"கூப்பிடட்டும்" என்றேன். டிரைவருக்குத் தெரியாமல் கண்ணைத் துடைக்கப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசி நாள் காலையில் மறுபடியும் படகு ஏறினோம். டால்பினைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் எலுமிச்சம்பழமும் கையுமாகப் படகு விளிம்பைப் பிடித்துக் குனிந்திருந்தேன். காலையில் குடித்த காபி எந்த நிமிஷமும் கிளம்பலாம்.

"எக்ஸ்ரே."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சுற்றி வரவில்லை. நான் திரும்பும்வரை இருந்த இடத்திலேயே நின்றாள். ஒரு கை கடலைக் காட்டியது. இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன. அவளுக்குப் பின்னால், வெயில் பட்ட தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிற முதுகு ஒன்று மெல்ல எழுந்துகொண்டிருந்தது.