பாட்டுக் கேட்ட ஜாடி

திட்டக்குடிப் பக்கம் யார் வீட்டிலாவது இருபது வருஷமாக எண்ணெய் கசியாத ஊறுகாய் ஜாடி இருந்தால், அதைக் கொஞ்சம் மரியாதையாகக் கையாளுங்கள். அது கிட்டாரும் டிரம்ஸுமாக அதிரும் ராக்கு பாட்டுக் கேட்ட ஜாடி. சந்தேகம் இருப்பவர்கள் கருவேப்பிலங்குறிச்சியில் என் மச்சான் காத்தவராயனைக் கேட்கலாம். அவர் செத்து எட்டு வருஷமாகிறது. ஆனாலும் அந்த ஊரில் இன்றைக்கும் அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

என் பெயர் கொளஞ்சியப்பன். விருத்தாசலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். பழமலைநாதர் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், மஞ்சள் நீராட்டு, எல்லாவற்றுக்கும் என் கூம்பு ஸ்பீக்கர்தான் கத்தும். எந்தச் சாமிக்குக் கத்துகிறோம் என்பது கூம்புக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. ஆகவே சத்தத்தைப் பற்றி நான் ஒன்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், கேசட்டு சாகக் கிடந்து சி.டி. தவழ ஆரம்பித்த சமயம், எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ராக்கு பேண்டு ஆரம்பித்தார்கள். கிட்டாரும் பாட்டும் ஜூடு; ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற டோமினிக்கின் மகன். டிரம்ஸ் அவன் அக்கா ஆன் மேரி. பகலில் விருத்தகிரி முதலாளியின் பீங்கான் கம்பெனியில் ஜாடிகளுக்குப் பளபளப்புப் பூச்சு போடுவாள். பேஸ் கிட்டார் ஆனந்தராஜ். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவான். "படுத்துக்கிட்டு வந்தா லக்கேஜு, நிமிந்து நின்னா ஆளு" என்று சொல்லி அந்தக் கிட்டாருக்கும் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். ஒரு நாள் அது சன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்ததை நானே பார்த்தேன். ஆனந்தராஜ் நின்றுகொண்டு வந்தான்.

பேண்டுக்கு 'ஆயிரத்து இருநூறு டிகிரி' என்று பெயர் வைத்தார்கள். பீங்கான் வேகிற சூடு அது. ஊர் அதைச் சுருக்கி 'டிகிரி பசங்க' ஆக்கிவிட்டது. படித்த மாப்பிள்ளை என்று நம்பி ஆனந்தராஜுக்கு மூன்று இடத்திலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். அவன் பிளஸ் டூ கணக்குப் பரீட்சையில் பாதியில் எழுந்து ஓடியவன்.

சினிமாப் பாட்டைப் பாடச் சொன்னால் பாட மாட்டார்கள். சொந்தமாகக் கட்டுவார்கள். நான் எத்தனையோ பேருக்கு மைக்கு கட்டியிருக்கிறேன். ஒயரை முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது என் வழக்கம். இவர்களுக்கு முதல் தடவை கட்டிய அன்று என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. ஆனந்தராஜின் பேஸ் காதில் கேட்காது, உள்ளங்காலில் கேட்கும். ஆன் மேரி டிரம்ஸ் அடித்தால் ஜங்ஷனில் நிற்கிற கூட்ஸு வண்டி தானாக நகரும் என்று சொல்வார்கள். அது வெறும் புரளி. ஒரே ஒரு முறைதான் நகர்ந்தது, அதுவும் இரண்டு பெட்டி நீளத்துக்குத்தான்.

அவர்கள் பாட்டுகளிலேயே பெரிய பாட்டு 'ஜங்ஷன்'. ஒரு ரயில் வந்து நிற்கிறது, யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை, திரும்பக் கிளம்புகிறது. கதை அவ்வளவுதான். கடைசியில் டிரம்ஸும் பேஸும் சட்டென்று நின்றுவிடும். ஜூடு மட்டும் ஒரு கம்பியைப் பிடித்து மேலே இழுப்பான். இன்னும் மேலே. இதற்கு மேல் இல்லை என்று நாம் நினைக்கிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தில் கேட்பவனுக்கு, தான் அந்த ரயிலில் ஏறியிருக்க வேண்டியவன் என்று தோன்றும். எனக்கே தோன்றியது. எனக்குப் போக வேண்டிய ஊர் எதுவும் இல்லை.

ஒத்திகை நடந்தது விருத்தகிரி முதலாளியின் கம்பெனியில், எரிக்காமல் போட்டிருந்த பழைய வட்டச் சூளைக்குள். திங்கட்கிழமை வாசித்தது அந்தச் சூளைக்குள் புதன்கிழமை வரை சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கொட்டகையில் அனுப்பத் தயாராக ஜாடிகள் அடுக்கியிருக்கும். ஒரு சாயங்காலம் ஜூடு முதன்முதலாக அந்தக் கடைசிச் சுரத்தை முழுசாகத் தொட்டான். கொட்டகையில் படபடவென்று சத்தம். முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எவன்டா என் ஜாடிய ஒடச்சது?"

"நாங்க வெளியவே வரலீங்க மொதலாளி" என்றான் ஜூடு.

"வெளிய வராமலேயே இவ்ளோன்னா, வந்திருந்தா கம்பெனியே இருக்காது போலருக்குதே!"

ஆன் மேரி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "மொதலாளி, கத்தாம இத பாருங்க. ஒடஞ்சதுல பூராவும் உள்ளுக்குள்ள ஏற்கெனவே கீறல் வுட்டுருக்குது. நல்ல ஜாடி ஒண்ணுகூட ஒடையல."

முதலாளி மிச்ச ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் வெண்கலம் மாதிரி கணீரென்றன. அதுவரை திட்டக்குடி சந்தையில் அவர் ஜாடிக்கு 'ஒழுகுணி' என்று பட்டப்பெயர். அந்தச் சரக்கு போன பிறகு ஒரு ஜாடிகூடத் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு சரக்கும் 'ஜங்ஷன்' பாட்டைக் கேட்டாக வேண்டும் என்று முதலாளி சட்டம் போட்டார். பாட்டில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஜாடிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆக, ஊருக்குள் அவர்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஆனால் டோமினிக்குக்கு ஜாடி மதிப்பு போதவில்லை. ஜூடுவின் தாய்மாமன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு விசா எடுத்து வைத்திருந்தார். டோமினிக் ஒரு நாள் என் கடைக்கே வந்து, என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு மகனிடம் பேசினார்.

"மாதா கோயில் திருவிழாவுக்கு மெட்ராஸ்லேருந்து அருள்ஜோதி வராரு. கேசட்டுக் கம்பெனியில பாட்டு பொறுக்கறவரு அவருதான். அவரு வாயால 'நல்லா இருக்குது'ன்னு ஒரு வார்த்த வரட்டும், நீ இங்கயே இருந்து கிட்டார தேயி. நான் கேக்க மாட்டேன். வரலன்னா, நீயும் வாயத் தெறக்காம பிளேன் ஏறணும். சரியா?"

"சரிப்பா" என்றான் ஜூடு. குவைத்தில் மணல் இருக்கிறது, களிமண் இல்லை என்று மட்டும் என்னிடம் பிறகு வருத்தப்பட்டான்.

திருவிழா அன்று சாயங்காலம் மேடை போட்டு, நான் கூம்பு கட்டினேன். அருள்ஜோதி முன் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பங்குச் சாமியார், அதற்கு அடுத்து டோமினிக். அருள்ஜோதி நல்ல மனுஷன். யாரைப் பார்த்தாலும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஆபத்தாகிவிட்டது. மேடைக்குப் பின்னால் துணிச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆன் மேரி, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், அவரு முன்பல்லப் பாரு."

"ஏன், நல்லாத்தான இருக்குது?"

"ரொம்ப நல்லா இருக்குது. அதான் சொல்றேன். மேல் வரிசையில நடுவுல. அந்தப் பளபளப்பு எலும்புல வராதுடா. அது பீங்கான்."

ஜூடு துணிச் சந்தில் கண்ணை வைத்தான். "கீறல் இருக்குதாக்கா?"

"இங்கேருந்து எப்படித் தெரியும்? போயி தட்டியா பாக்க முடியும்?"

ஆனந்தராஜ் நிதானமானவன். "பேசாம அந்தக் கடைசி எடத்த வுட்டுட்டு வாசிச்சிடலாம் மச்சான். மெட்ராஸ்காரருக்கு என்னா தெரியப் போவுது? மிச்சப் பாட்டே போதும், நல்லா இருக்குதுன்னு சொல்லிடுவாரு. நீயும் இங்கயே இருக்கலாம்."

ஜூடு கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டினான். அவன் அப்போது சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். "அந்த ஒரு எடத்துக்காகத்தான்டா மிச்சப் பாட்டையே கட்டுனேன். அத வுட்டுட்டு அவருகிட்ட நல்ல பேரு வாங்கறதுக்கு, நான் குவைத்துக்கே போறேன்."

இருபத்து மூன்று வயசு அவனுக்கு. எழுபதைத் தாண்டிய பாகவதர்களுக்கெல்லாம் மைக்கு கட்டியிருக்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்ல அவர்களில் ஒருத்தருக்கும் துணிச்சல் வந்து நான் பார்த்ததில்லை.

ஆனாலும் பல்லைக் காப்பாற்ற முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ஜூடு கேட்டுக்கொண்டபடி கூம்பு இரண்டையும் புளியமரத்துப் பக்கம் திருப்பினேன். அப்புறம், வாய் மூடியிருந்தால் சத்தம் உள்ளே போகாது என்று கணக்குப் போட்டு, திருவிழாக் கடையில் ஜவ்வு மிட்டாய் பெரிய உருண்டையாக வாங்கிக்கொண்டு போய் அருள்ஜோதியிடம் நீட்டினேன்.

"சாருக்கு எங்கூரு பலகாரம். பாட்டு முடியற வரைக்கும் மெதுவா மெல்லணுங்க. இது இங்க மரபுங்க."

அவர் மரியாதை தெரிந்தவர். வாயில் போட்டுக்கொண்டு உதட்டை மூடினார். நான் மேடையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

'ஜங்ஷன்' ஆரம்பித்தது. எவ்வளவோ தடவை கேட்டிருக்கிறேன், அன்றைக்கு வாசித்த மாதிரி அவர்கள் வாசித்ததில்லை. போகப் போகிறவன் வாசிப்பது போல ஜூடு வாசித்தான். ஆன் மேரி தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பையும் அடித்துக் காட்டினாள். ஆனந்தராஜின் பேஸ் கேட்டு, ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்கள். பலூன்காரன் ஊதிய பலூனை முடிச்சுப் போட மறந்து நின்றான். அருள்ஜோதி முதலில் மென்றுகொண்டிருந்தார். அப்புறம் மெல்வதை நிறுத்தினார். அப்புறம் முன்னால் சாய்ந்தார். டிரம்ஸும் பேஸும் நின்று, ஜூடு அந்தக் கம்பியை இழுக்க ஆரம்பித்தபோது, மிட்டாயை மீறி, மரபை மீறி, அந்த மனுஷன் வாயைப் பிளந்தார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? பாட்டு கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால் அவர் வாயை மூடியபடியே கேட்டிருப்பார், பல் பிழைத்திருக்கும்.

'டிக்' என்று ஒரு சத்தம். கைதட்டலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. நான் சத்தத் தொழிலில் இருந்தவன், எனக்குக் கேட்டது. அருள்ஜோதி கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர். சாமியார் மைக்கை அவரிடம் நீட்டி, "இரண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். அருள்ஜோதி வேண்டாம் என்று கையை ஆட்டினார். சாமியார் மறுபடியும் நீட்டினார். மறுபடியும் ஆட்டினார். பொத்திய கையை எடுக்காமலே எல்லோரையும் பார்த்துத் தலை குனிந்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாராவது விருத்தாசலம் என்று சொன்னாலே அவர் கை தானாக வாய்க்குப் போய்விடுமாம். கேசட்டு வராததற்குக் காரணம் அவ்வளவுதான். திறமைக் குறைவு என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

சில பேர் ஜவ்வு மிட்டாய்தான் பல்லைப் பிடுங்கியது என்கிறார்கள். எனக்கு வேண்டாதவர்கள். மிட்டாய் பிடுங்கியிருந்தால் பல் முழுசாக வந்திருக்கும். இது உடைந்து வந்தது.

மேடைக்குக் கீழே ஜூடு அப்பா முன்னால் வந்து நின்றான். கிட்டாரை உறையில் போட்டுக் கட்டிவிட்டிருந்தான்.

"ஒரு வார்த்தகூட சொல்லலப்பா. நான் போறேன். விசா பேப்பர குடு."

டோமினிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மைக்க எத்தன தடவ நீட்டுனாரு சாமியாரு?"

"ரெண்டு."

"ரெண்டு தடவையும் வேணாம்னுட்டாரு, இல்ல? ஏன்டா, நான் பொறந்ததுலேருந்து இந்தக் கோயிலு மேடையப் பாக்குறேன். மைக்க நீட்டி வாங்காத சிறப்பு விருந்தினர இன்னிக்குத்தான் பாத்தேன். அழுதுகிட்டே போறாரு மனுஷன்! வாயடச்சிப் போயிட்டாருடா. நான் ஒரு வார்த்த கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கும் அவருக்கு வழியில்லாம பண்ணிட்ட நீ." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "குவைத்துக்கு உன் மாமன் வேற ஆள பாத்துக்கட்டும். வூட்டுக்கு வா, சோறு ஆறுது."

ஜூடு உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். ஆன் மேரி அவன் காலை மிதித்தாள். டோமினிக் முன்னால் நடந்தார்.

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வரும்போது நடு நாற்காலியின் அடியில் ஆன் மேரி குனிந்து எதையோ எடுத்தாள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. விளக்கு வெளிச்சத்தில் உடைந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் தட்டிக் காதருகில் வைத்துக்கொண்டாள். நானும் ஜூடுவும் ஆனந்தராஜும் அவளைச் சுற்றி வந்து நின்றோம்.

"இது நம்மூரு மண்ணு இல்ல" என்றாள். "நம்மூரு பீங்கானா இருந்தா தாங்கியிருக்கும்."

"பாவம்க்கா. மெட்ராஸ் போயி அவருகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்துடட்டுமா?" என்றான் ஜூடு.

"கேளு. புதுப் பல்ல நம்மூரு மண்ணுல செஞ்சுக்கச் சொல்லு" என்று சொல்லி, அந்தத் துண்டைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். "வாயில கட்டறதுக்கு முந்தி ஒரு நாளைக்கு சூளைக்கு அனுப்பி வைக்கச் சொல்லு. நாம ஒரு தடவ வாசிச்சுப் பாத்துட்டே குடுத்துடலாம்."