சிவப்புப் பாதையில் ஒரு பழைய லேப்டாப்

மும்பை விமான நிலையத்தில் பெல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. மகேஷ்குமாரின் பெட்டி மட்டும் வருகிற வழியாக இல்லை. தோள்பையில் புது லேப்டாப், சீல் பிரிக்காத அட்டைப்பெட்டியோடு கனத்தது. துபாய் விமான நிலையக் கடையில் வாங்கியது. மும்பை லாமிங்டன் ரோட்டுக் கடைகளில் சொன்ன விலைக்குப் பதினெட்டாயிரம் குறைவு. தாராவியில் பட்டறை போட்டுத் தோல்பை தைக்கிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அந்தச் சந்தோஷம் விமானம் ஏறும்வரைதான் நிலைத்தது. பின் சீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, "பாய், ஆளுக்கு ஒரு லேப்டாப்தான். ரெண்டாவதுக்கு கஸ்டம்ஸ்ல டூட்டி தீட்டிருவான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். மகேஷ்குமாருக்குத் தூக்கம் போயிற்று. துபாயில் தோல்பைக் கண்காட்சிக்கு எடுத்துப்போன பழைய லேப்டாப்பும் கையில் இருக்கிறதே!

பக்கத்து சீட்டில் வேங்கடசுப்ரமணியன். மும்பை மாட்டுங்காக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறார். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், இந்தப் பழைய லேப்டாப்ப மட்டும் உங்க பையில வச்சு வெளிய கொண்டாந்து தந்திருங்க."

"விவகாரம் ஒண்ணும் இல்லையே?"

"கீபோர்டுல ரெண்டு எழுத்து வேலை செய்யாது சார். வேற ஒண்ணுமில்ல."

அவர் அரைமனதாக வாங்கிக்கொண்டார். புதியதை நம்மிடமே வைத்துக்கொண்டோம், பழையதை எவன் திருடப்போகிறான் என்று மகேஷ்குமார் மனசைத் தேற்றிக்கொண்டான். இப்போது அவருடைய பெட்டி முதலிலேயே வந்து, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

போன் அடித்தது. மனைவி விஜயராணி.

"எறங்கிட்டியளா? புதுசு பத்திரமா?"

"எந் தோள்லதாம் இருக்கு."

"பழசு?"

சொன்னான். அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"யாருகிட்ட? அவரு போன் நம்பர் வாங்கினியளா?"

"மாட்டுங்கான்னு சொன்னாரு..."

"ஆமா, மாட்டுங்கால நாலே வீடுதான, கதவத் தட்டிக் கேட்டுக்கிடலாம்! குடுக்கதுதான் குடுத்திய, புதுச குடுத்திருக்கக் கூடாதா? அது போனா துட்டுதான் போகும். நாலு வருசத்து டிசைன் பூரா பழசுலல்லா கெடக்கு! முன்னூறு பைக்கு ஆர்டர் சொன்ன ஆளுக்கு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்னியளே, எதப் பாத்து அனுப்புவிய?"

வாங்குகிறவர் கண்காட்சியில் உட்கார்ந்து சொன்ன திருத்தங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. வேறெங்கும் ஒரு பிரதி கிடையாது. நிமிர்ந்து பார்த்தான். பெரியவர் பச்சை விளக்குப் பக்கம் போகவில்லை. வரி கட்ட வேண்டியவர்கள் போகிற சிவப்பு விளக்குப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இப்போதே பச்சை வழியாக நடந்தால் புதுசு தப்பிக்கும். அங்கே போய் நின்றால் இரண்டும் மாட்டலாம். ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு பெட்டியை மறந்து ஓடினான்.

"இதோ, இவன்தான்!" என்றார் பெரியவர் சுங்க அதிகாரியிடம். பிறகு இவனைப் பார்த்து, "கோவிச்சுக்காதேப்பா. அடுத்தவா சாமானை என்னோடதுன்னு சொல்ல நேக்கு வாய் வராது, கேட்டயோ."

மேசைமேல் பழைய லேப்டாப் கிடந்தது. அதிகாரி மகேஷ்குமாரின் தோள்பையையே பார்த்தார். "அதுல என்ன?" என்று இந்தியில் கேட்டார். அவன் அட்டைப்பெட்டியையும் ரசீதையும் எடுத்து வைத்தான்.

"இந்தப் பழசு உன்னுதுன்னா திற."

வேலை செய்யாத அந்த இரண்டு எழுத்துகளில் ஒன்று கடவுச்சொல்லில் இருந்தது. அழுத்து அழுத்தென்று அழுத்தி நாலாம் தடவை திறந்தது. திரையில் விஜயராணி, தோல் கட்டுகளுக்கு நடுவில் முறைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் மும்பை சயானில் இருக்கும் ரிப்பேர் கடையின் ஸ்டிக்கர்.

"இங்கேருந்து கொண்டுபோனதுதானே இது?"

"ஆமா சாப்."

"புதுசு ஒண்ணுக்கு வரி கிடையாது. பழசு உன் சொந்தச் சாமான். இதை எதுக்குய்யா இன்னொருத்தர் பையில சொருகினே? அவரே பயந்துபோய் வந்து நிக்கறாரு. இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா சும்மா விடமாட்டேன். எடுத்துட்டுப் போ."

பெரியவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நேக்கு பிரஷர் உண்டுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மகேஷ்குமார் வெளியே போகவில்லை. ஒரு தூணோரம் சார்ஜ் போடுகிற இடம் கண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். புது லேப்டாப்பின் பெட்டியைக் கீழே வைத்து, அதன்மேல் பழையதை வைத்துத் திறந்தான். டிசைன்களை ஒவ்வொன்றாக விஜயராணிக்கு அனுப்பத் தொடங்கினான். தூரத்தில் அவனுடைய பெட்டி பெல்ட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டும் அவன் எழுந்திருக்கவில்லை.

போன் அடித்தது.

"எல்லாம் வந்துட்டு" என்றாள் விஜயராணி. "கடைசிப் படம் மட்டும் பாதிதாம் தெரியுது. அங்கனயே இரிங்க, எந்திரிச்சிராதிய."