ஈர வைக்கோல்

சக்கரபாணிக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவர் மனைவி செல்வாம்பாள். ரெட்டியார்பாளையத்தில் இதை ஒருவரும் மறக்கவில்லை. மறந்தாலும் அண்ணன் தணிகாசலம் விடமாட்டார். "எந்தம்பி வண்டி பொம்பள கிட்னியில ஓடுது" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்டுக் கேட்டு ரோஷம் தலைக்கேறியது சக்கரபாணிக்கு. தூசுப் பக்கமே போகக்கூடாதென்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதைக் காற்றில் விட்டார். மழையில் நனைந்து உள்ளுக்குள் பூசணம் பூத்துக் கிடந்த வைக்கோலை, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், அண்ணன் கண்ணெதிரே பிடுங்கி மாட்டுக்குப் போட்டார். ஆம்பளை என்று காட்டிவிட்டாராம்! கொஞ்ச நாளில் காய்ச்சலும் இருமலும், சளியில் ரத்தமுமாக டவுன் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார்.

நுரையீரலில் பூஞ்சை என்றார் டாக்டரம்மா. மற்றவர்களை அவ்வளவாக அண்டாத பூஞ்சைதான். ஆனால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டது.

"பூஞ்சைக்கு மருந்து ஏத்துறோம். அந்த மாத்திரையையும் குறைக்கணும். குறைச்சா கிட்னி போனாலும் போகலாம். குறைக்கலேன்னா ஆளே தங்கமாட்டாரு."

செல்வாம்பாள் யோசிக்கவே இல்லை. "கொறைச்சிடுங்கம்மா."

மருந்து ஏறியும் காய்ச்சல் விடவில்லை. ஒரு நாள் காலை, துவைப்பதற்காக அவர் சட்டையை எடுத்தாள். பையில் அதே மாத்திரை அட்டை, பாதி காலி. நர்ஸ் குறைத்துக் கொடுத்ததை இந்த மனுஷன் திருட்டுத்தனமாக விழுங்கிச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார். அட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

"இன்னாய்யா இது? சாவறதுக்கா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தக் கிட்னி ஒன்னுதுடி. வெட்டி ரோஷத்துல போயி வைக்கோல இழுத்தேன். அதையும் தொலைச்சிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஒன் எதிர்ல நிப்பேன்?"

"குடுத்தவ நான் சொல்றேன், போனா போவட்டும். மறுபடி டயாலிசிஸ் மிஷின்ல படு, பக்கத்துல நான் குந்திக்கினு இருக்கேன். நீயே போயிட்டா நான் யார் பக்கத்துல குந்துறது?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கவில்லை. அட்டையைக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தணிகாசலம் ஆப்பிள் பையோடு வந்து சேர்ந்தார். "இன்னாடா, கடைசியில பொம்பள கிட்னி கைவுட்டுடுச்சா?"

"மாமா, மாடு பட்டினி கெடக்குது. போயி அதே வைக்கோல இழுத்துப் போடுங்க," என்றாள் செல்வாம்பாள். "மூஞ்சில துணி கட்டிக்கினு போங்க. ஒங்களுக்கு ஒண்ணுன்னா குடுக்க வூட்ல ஆளு இருக்குதான்னு கேட்டுக்கினு இழுங்க."

தணிகாசலம் தம்பியைப் பார்த்தார். அதற்குள் நர்ஸ் மாத்திரையோடு வந்துவிட்டார், குறைத்த அளவு. சக்கரபாணி கையை நீட்டி வாங்கினார். எல்லோர் கண்ணெதிரிலும் விழுங்கினார். இருமல் அடங்கும்வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார்.

"ஆமாண்ணே, எம் பொண்டாட்டி கிட்னிதான். அது போனாலும் அவ இருக்கா. டீக்கடையில இதையும் சேத்துச் சொல்லு."