நாலாவது தடவை

கணக்குப் பாடம் விஜயலெட்சுமியை மூன்று தடவை பழிவாங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எழுதும் சாதாரண தரப் பரீட்சை எழுதியபோது ஒரு தடவை, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை. மூன்றாம் தடவை நமுனுகுல பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பதுளையில் பரீட்சை நடந்தபோது அவள் சேற்றில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கில் வெறும் ‘எஸ்’, அதாவது கடைசிப் படித் தேர்ச்சி, இருந்தால் போதும். ஆனால் முப்பத்தைந்து வயதானால் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு இப்போது முப்பத்து நாலு.

வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நாலாவது தடவையும் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாள். அந்த வருஷம் மகள் நிரஞ்சலாவுக்கும் அதே பரீட்சை. தாயும் மகளும் ஒரே பரீட்சையா என்று லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, வாய் சும்மா இருந்தால் வலிக்கும். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் சூத்திரங்களை எழுதிக்கொண்டு, தேயிலை மலையில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புரியாததை மகளிடம் கேட்டாள். பரீட்சைக்கு முந்தின ஞாயிறு முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொடுக்க வைத்து, அந்தப் பிள்ளையை எழுந்திருக்கவே விடவில்லை.

ரிசல்ட் ஒரு திங்கட்கிழமை வந்தது. நிரஞ்சலா போனைப் பார்த்துவிட்டு, கணக்கு போயிருச்சு என்று மட்டும் சொன்னாள். விஜயலெட்சுமி போனை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போய்த் தன் நம்பரைத் தனியாகப் பார்த்தாள். ‘எஸ்’ என்று இருந்தது. பதினெட்டு வருஷம் காத்திருந்த எழுத்து. கத்த வேண்டும் போலிருந்தது, கத்த முடியவில்லை. மகளுடைய நேரத்தையெல்லாம் தின்றுவிட்டு நாம் தேறியிருக்கிறோமே என்று நெஞ்சு சுட்டது. வெளியாட்களாக எழுதினவர்களுக்கு ரிசல்ட் பிந்தித்தான் வருமாம் என்று வீட்டில் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். வேலைக்கு மனுக்கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வியாழன் காலை அவள் கூடையைத் தூக்கியபோது நிரஞ்சலா வாசலை மறித்துக்கொண்டாள்.

“என் நம்பருக்கு முன்னாடி ஒங்க நம்பரத்தான் பார்த்தேன். மூணு நாளா நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஒங்கிட்ட சொல்றது?”

“நான் பெயிலானது என்னால. நீங்க பாஸானதாவது என்னாலன்னு இருக்கட்டும். ஆபிசுக்கு வாங்க.”

இரண்டு பேரும் போய் மனுவைக் கொடுத்தார்கள். போட்டிக்கு ஆள் இல்லை, அடுத்த மாதமே வரலாம் என்றார்கள். திரும்பும் வழியில், கொழுந்து மலையில் ஆட்களை மேய்க்கும் நல்லையா கங்காணி எதிர்ப்பட்டார். நல்ல மனுஷன். வாயாரப் பாராட்டிவிட்டு, அதே வாயால், மலையில் ஒரு ஆள் குறையுமே, புள்ள சும்மாதானே இருக்கு, பெரட்டில் அது பேரைச் சேர்த்துவிடவா என்று கேட்டார். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடம் பெரட்டு. அங்கே பேர் ஏறினால் இறங்குவது லேசில்லை என்று விஜயலெட்சுமிக்குத் தெரியாதா?

நிரஞ்சலா தலையைக் குனிந்தபடியே சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

“வேணாங்க,” என்றாள் விஜயலெட்சுமி. “எனக்கு நாலு தடவ ஆச்சு. அவ ஒரு தடவதான் எழுதியிருக்கா.”

கங்காணி தலையாட்டிவிட்டு நடந்தார். அவர் வளைவு திரும்பும்வரை பொறுத்திருந்த நிரஞ்சலா, நடுரோட்டிலேயே நின்று ஏங்கி ஏங்கி அழுதாள். ரிசல்ட் வந்ததிலிருந்து இந்தப் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்பது அப்போதுதான் தாய்க்கு உறைத்தது.