தலைக்கு வைத்த பை

மருத்துவமனையில் கொடுத்த பொருள்களைத் தெல்மா சமையலறை மேசைமேல் வைத்தாள். கணவர் க்ளைவின் தொப்பி, பூட்ஸ், மூக்குக் கண்ணாடி, ஒரு தபால் பை. காலையில் அந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு போன மனிதர் மத்தியானம் இல்லை. அது இன்னும் அவள் மண்டையில் ஏறவில்லை. கெட்டிலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.

க்ளைவின் தம்பி ராஸ் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தான். பிறகு, வீட்டிலேயே விமானம் இருந்ததே, அதில் ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். பொழுதுபோக்கு விமானங்களின் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பதிவை வைத்துக்கொண்டு பெரிய நகரத்தில் இறங்க முடியாது. பிரிஸ்பேனில் பேத்தி பிறந்ததும், அங்கேயே போய் இறங்கவேண்டும் என்று க்ளைவுக்கு ஆசை பிடித்தது. பொதுப் பதிவுக்கு எழுதிப் போட்டார். பழையதை ரத்து செய்து, பழைய எண்ணைச் சுரண்டி, புது எழுத்துகளை ஒட்டினார். ஒட்டியதைப் பழுப்புக் காகிதத்தால் மூடியும் வைத்தார். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, சான்றிதழ் தபாலில் வரும் என்று சொல்லிப் போயிருந்தார். அது கைக்கு வரும்வரை எழுத்து வெளியே தெரியக்கூடாது என்பது க்ளைவின் சட்டம். பராமரிப்புப் புத்தகத்தில் கையெழுத்து ஒன்று விட்டுப்போனதற்காகச் சொந்தத் தம்பியையே ஒரு மாதம் பறக்கவிடாத ஆள்.

இன்று தபால் நாள். தபால்காரர் பையை வைத்துவிட்டுப் போகும் பண்ணை வாசல் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். தெல்மாதான் போய்ப் பையை எடுத்து வந்தாள். ஆசையாகக் காத்திருக்கும் மனிதர், அவரே பிரிக்கட்டும் என்று பையின் கட்டை அவிழ்க்கவில்லை. வந்து பார்த்தால் விமானக் கொட்டகையில், சக்கரத்தில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்குப் பண்ணைகளுக்குப் பறந்து வரும் டாக்டரின் விமானம் வேறு பண்ணைக்குப் போயிருந்தது. டவுனுக்குச் சாலையில் இரண்டரை மணி நேரம், வானத்தில் அரை மணி. அவளுக்கும் விமானம் ஓட்டத் தெரியும்; ஓடிப்போய்க் கொட்டகையின் பெரிய கதவைத் தள்ளினாள்.

"வேணாம் தெல்மா. பதிவு இல்லாத ப்ளேன எடுக்காத."

"இந்த நேரத்துல சட்டம் பேசறீங்களா?"

"உன் லைசென்ஸ் போயிடும். வண்டியிலயே போவோம்."

வாதாட நேரமில்லை என்று நினைத்தாள். பின் சீட்டில் அவரைப் படுக்கவைத்து, கைக்குக் கிடைத்த தபால் பையைத் தலைக்கு வைத்தாள். டவுனிலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் எதிரே வருவதற்கு முன்பே, ஓடையைத் தாண்டும்போது அவர் பேச்சு நின்றுவிட்டது.

"அவர் வேணாம்னாரு. நான் கேட்டுட்டேன்" என்றாள்.

"நாப்பது வருஷத்துல அவன் சொன்னத ஒரு தடவயாவது கேட்டிருக்கியா நீ?" ராஸ் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"இன்னைக்குத்தான் கேட்டேன்."

கை சும்மா இருக்கமுடியாமல் பையின் கட்டை அவிழ்த்தாள். மேலாகவே நீளமான அரசாங்க உறை இருந்தது. பிரித்துப் பார்த்தாள். தன் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை, ராஸிடம் நீட்டினாள்.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான்.

"என்ன தேதி?"

"விடு தெல்மா."

"தேதி என்ன ராஸ்?"

"போன வியாழக்கிழமயே பதிவாயிருக்கு."

கெட்டில் கூவியது. இருவரும் எழுந்திருக்கவில்லை. ராஸ் சான்றிதழை மடித்துப் பைக்குள் திரும்ப வைக்கப் போனான்.

"அதத் தொடாத" என்றாள்.

முரட்டுத் துணிப் பையின் நடுவில், தலை அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது.